சம்பந்தி வீட்டுக்குப் போகிற கோழிகள்

"தோலை வீசிடாதீங்கடி! கூடையை இறக்குங்க!"

மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு ஸனிய்யா சந்தில் வந்து நின்று, மேலே பார்த்துக் கத்துகிறாள். எகிப்தின் எஸ்னா ஊரில் அந்த நேரத்துக்கு நாய்கூட நிழலைவிட்டு வராது. பால்கனிகளிலிருந்து கயிறு கட்டிய கூடைகள் இறங்குகின்றன. உள்ளே தர்பூசணித் தோல். சிவப்பை ஒட்டச் சுரண்டித் தின்றிருந்தால் அதற்கும் வசவு உண்டு. "இதுல என்னத்தடி மிச்சம் வச்சிருக்கே? என் கோழிங்க பச்சைத் தோலை நக்கணுமா?"

தோலெல்லாம் நேரே ஃப்ரிட்ஜுக்குப் போகும். புருஷன் ஷஹாத்தா குளிர்ந்த தண்ணீர் தேடிக் கையை விட்டால் தோல்தான் அகப்படும். வீட்டிலிருந்த ஒரே மின்விசிறியும் கோடை பிறந்ததுமே மாடியிலிருக்கும் கோழிக்கூட்டுக்குக் குடிபோய்விட்டது.

"என்னையும் அந்தக் கூட்டுலயே அடைச்சிடேன், காத்தாவது வரும்" என்பார்.

"முட்டை போடுவீங்களா?" என்பாள்.

மாடியில் தகரம் என்ற பேச்சே கிடையாது. பேரீச்சை மட்டைக் கூரை, நாலு பக்கமும் திறப்பு. விரிசல்விட்ட மண்சாடிகளைப் படுக்கவைத்து ஈரமணலில் பாதி புதைத்திருக்கிறாள். வெயில் ஏறியதும் கோழிகள் அதற்குள் வயிற்றை அமுக்கிப் படுத்துக்கொள்ளும். தீனி விடியற்காலையில்தான், அப்புறம் ஒரு மணி தானியம்கூடக் கிடையாது. "தின்னா உடம்பு சூடாகும். உனக்கே ஆகுதுல்ல, கோழிக்கு ஆகாதா?"

இவ்வளவு பாடும் மகள் நாஹிதுக்காக. பிள்ளை பெற்றவளுக்குத் தாய்வீட்டுக் கோழியில்தான் சூப்பு வைக்க வேண்டும். கடையில் வாங்கிய வெள்ளைக் கோழியோடு போய் நின்றால் மானம் கப்பலேறிவிடும். மகளுக்கு ஆகஸ்டில் பிரசவம் என்று தெரிந்ததுமே சம்பந்தி இன்ஷிராஹ் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்: "ஆகஸ்டு வெயிலுக்கு அந்த மாடியில ரொட்டியே சுடலாம். கோழியா பிழைக்கும்? விடுங்க, என் கோழியிலயே நான் சூப்பு வச்சுக்கிறேன்." அது காதில் விழுந்ததிலிருந்து ஸனிய்யா மத்தியானத்தில் கண்ணை மூடவில்லை.

போன வாரம் ஒருநாள் காலையில் போன கரண்ட் வரவேயில்லை. விசிறி நின்றது. கோழிகள் இறக்கையை அகட்டி, வாயைப் பிளந்து இரைத்தன. ஸனிய்யா கீழே ஓடினாள். ஃப்ரிட்ஜிலிருந்த தோலையெல்லாம் அள்ளி வந்து சாடிகளுக்குள் செருகினாள். மணலில் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, கோழிகளின் காலை மட்டும் நனைத்தாள். ரொட்டித் தட்டை எடுத்து விசிற ஆரம்பித்தவள் பொழுது சாயும்வரை நிறுத்தவில்லை. "செத்துகித்துத் தொலைச்சீங்க, அப்புறம் நான் அவ மூஞ்சியில முழிக்க முடியாதுடி" என்று கோழிகளிடம் கெஞ்சினாள். ஒன்றுகூடச் சாகவில்லை.

இன்ஷிராஹும் அன்றைக்குச் சும்மா இருக்கவில்லை. கூண்டைச் சுற்றி ஈரப் போர்வைகளைத் தொங்கவிட்டு, காற்று நுழைய இடமில்லாமல் இழுத்து மூடினாள். உள்ளே ஆவி பிடித்து, அவள் கோழிகள் அத்தனையும் போயின. மறுநாளே நாஹிதுக்கு ஆண் பிள்ளை பிறந்தது.

வேறொருத்தியாக இருந்தால் ஆட்டோ பிடித்திருப்பாள். ஸனிய்யா மட்டைக் கூண்டைத் தலையில் ஏற்றி, ஈரச் சாக்கைப் போர்த்தி, முன்பக்கத்தை மட்டும் ஊர் பார்க்கத் திறந்து வைத்து, கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"என்னக்கா, எல்லாம் உசுரோட இருக்கா?"

"ஏன், சந்தேகமா? கூவச் சொல்லட்டுமா?"

சம்பந்தி வீட்டு நடுக்கூடத்தில் கூண்டை இறக்கி, உள்ளே ஒரு தட்டில் தண்ணீர் வைத்தாள். படுக்கையிலிருந்து நாஹித் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். இன்ஷிராஹ் முகத்தில் ஈயாடவில்லை. செம்பருத்திச் சாற்றில் ஐஸ் மிதக்கக் கண்ணாடி டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"எப்படி சம்பந்தி காப்பாத்தினீங்க?"

இந்த ஒரு கேள்விக்காகக் கோடை முழுக்க வெந்ததெல்லாம் ஸனிய்யாவுக்கு இனித்தது. டம்ளருக்குள் இரண்டு விரலை விட்டு ஐஸ் கட்டியை எடுத்தாள். கூண்டுக்குள் இருந்த தண்ணீர்த் தட்டில் போட்டாள். அது கரைய ஆரம்பித்து, கோழிகள் கழுத்தை நீட்டிய பிறகுதான் டம்ளரை வாயில் வைத்தாள்.