ஆகஸ்டு பதினைந்தும் ஒரே செட் நாற்காலியும்

ஆகஸ்டு பதினைந்து நாட்டுக்குச் சுதந்திர நாள். பெங்களூரில் எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்கு மாதா விண்ணேற்புத் திருநாள். இரண்டும் ஒரே நாளில் விழுந்ததை எல்லாரும் கடவுள் அருள் என்பார்கள். நாற்காலி வாடகைக்கு விடுகிறவனைக் கேட்டால் வேறு சொல்வான்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். நாற்பத்தேழில் வெள்ளைக்காரர்கள் கண்டோன்மென்டில் சாமான்களை விற்றுவிட்டுப் போனபோது, மற்றவர்கள் கட்டில், அலமாரி என்று வாங்கினார்கள். நான் மடக்கு நாற்காலி வாங்கினேன். கட்டிலில் ஒருவன்தான் படுப்பான். நாற்காலியில் ஊரே உட்காரும். இது பி.ஏ. படித்தவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஐம்பதுகளின் நடுவில் நாற்காலி, ஷாமியானா, மைக் செட் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தது என்னிடம்தான்.

அந்த வருஷம் எனக்கு ஒரு பெண்ணைப் பிடித்துப்போயிருந்தது. தலைமையாசிரியர் ஒருவரின் மகள். அவளுக்கும் சம்மதம் என்று கோயில் வாசலில் சிரித்ததிலேயே தெரிந்துகொண்டேன். அப்பாவுக்குத்தான் என் மூன்றாம் வகுப்பு தொண்டையில் சிக்கிய முள். கோயில் திருநாள் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர்.

"தம்பி, பிஷப் வர்றார். பத்து மணிப் பூசை, வெளியில பந்தல்ல. ஒரு நாற்காலி குறையக் கூடாது. அதை ஒழுங்கா பண்ணு, அப்புறம் மத்ததைப் பேசலாம்" என்றார்.

மற்றது எது என்று எனக்குத் தெரியாதா?

ஆனால் லிங்கராஜபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் கொடியேற்றத்துக்கும் அதே நாற்காலிகளை ஒப்புக்கொண்டிருந்தேன். அது காலை எட்டு மணிக்கு. கொடி ஏற்ற, மிட்டாய் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? மாட்டு வண்டியில் ஏற்றி ரயில் கேட்டைத் தாண்டினால் கோயில். வந்த ஆர்டரைத் திருப்பி அனுப்புவது என் ரத்தத்திலேயே இல்லை. ஒன்றுதான் எனக்குத் தெரியாமல் போனது: கொடியேற்றிப் பேச அங்கே அழைத்திருந்தது அதே தலைமையாசிரியரை.

அவருக்கு ஒரு பழக்கம். எந்தத் தேதியைச் சொன்னாலும், அன்று உலகத்தில் என்னென்ன நடந்தது, யார் யார் பிறந்தார்கள் என்று ஆரம்பித்துவிடுவார். அன்று கையில் மைக் வேறு. அதுவும் என் மைக், கணீரென்று கேட்கும்.

"இதே நாளில்தான் ஒரு சக்கரவர்த்தி பிறந்தார்! இதே நாளில்தான் ஒரு மகான் பிறந்தார்! இதே நாளில்தான் ஜப்பான் சரணடைந்தது!"

சக்கரவர்த்தி பிறந்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வளர்ந்தார், படையெடுத்தார், தோற்றார், செத்தும் போனார். மகானுக்கும் அதேபோல. மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. வண்டிக்காரர் கன்னடக்காரர், என் காதருகே வந்தார்.

"பேக பேக அண்ணா, சீக்கிரம்! கேட்டைப் போட்டா குட்ஸ் வண்டி போற வரைக்கும் நிக்கணும். இந்த ஆளு முடிப்பாரா, மாட்டாரா?"

"மாமனாரா வரப்போறவர்யா. மரியாதையா பேசு."

"அப்போ நீங்களே போய் மரியாதையா நிறுத்துங்க."

நாற்காலி போய்ச் சேராவிட்டால் பெண் இல்லை. பேச்சை நிறுத்தினாலும் பெண் இல்லை. அந்தப் பத்து மணிப் பூசைக்கு அவரே போகவேண்டியவர். உலகத்துத் தேதியெல்லாம் நினைவிருந்த மனிதருக்கு அது மட்டும் நினைவில் இல்லை.

"இதே நாளில்தான் பனாமா கால்வாய்..."

மைக் செட்டோடு இருந்த கிராமபோனில் இசைத்தட்டை வைத்து ஊசியை இறக்கினேன். தேசிய கீதம்.

கூட்டம் மொத்தமும் எழுந்தது. தலைமையாசிரியர் கால்வாயைப் பாதியில் விட்டுவிட்டு விறைப்பாக நின்றார். நானும் நின்றேன், என் ஆட்களும் நின்றார்கள். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கூட்டங்களுக்கு ஒரு முறை உண்டு: கீதம் பாடியாயிற்று என்றால் கூட்டம் முடிந்தது. அதற்கு மேல் கவர்னரே பேச வந்தாலும் ஒருவரும் உட்காரமாட்டார்கள். கடைசி அடி ஓய்ந்ததும் பிள்ளைகள் மிட்டாய்க்கு ஓடினார்கள். என் ஆட்கள் நாற்காலிகளை மடக்கினார்கள்.

பிஷப் வருவதற்கு முன்பே பந்தலில் நாற்காலி வரிசை தயார். தலைமையாசிரியர் மூச்சு வாங்க வந்து, காலையில் மடக்கியவற்றில் ஒன்றில்தான் உட்கார்ந்தார். பூசை முடிந்ததும் என்னை வீட்டுக்கு வரச் சொன்னார்.

கூடத்தில் அவரும் அவர் மனைவியும். கதவோரம் பெண்.

"தட்டைப் போடச் சொன்னது யாரு?"

"சார், நீங்க பேசினதுல உடம்பே சிலிர்த்துப்போச்சு. கை தானா ஊசிக்குப் போயிடுச்சு."

"பனாமா கால்வாய் திறந்ததுக்கா உனக்குச் சிலிர்த்துச்சு?"

கதவோரம் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவள் அம்மா முன்னால் வந்தார்.

"முப்பது வருஷமா இந்த மனுஷனை நடுவுல நிறுத்த நானும் வழி தேடறேன். சோறு ஆறிப்போகும், பஸ் போயிடும், இவர் முடிக்கமாட்டார். இந்தப் புள்ளை ஒரே தட்டுல முடிச்சிடுச்சு. பொண்ணை இங்கயே குடுங்க. படிப்பாவது, ஒண்ணாவது!"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அந்த அம்மாள் அதற்குள் மகளைக் காபி போட அனுப்பிவிட்டார்.

தை பிறந்ததும் அதே கோயிலில் எங்களுக்குக் கல்யாணம். மைக் செட்டை மட்டும் வெளியாளிடம்தான் எடுக்கவேண்டும் என்று மாமனார் ஒரே பிடியாக நின்றார். நாற்பது ஊருக்கு மைக் வைத்த நான், என் கல்யாணத்துக்குப் போட்டிக்காரனிடம் போய் வாடகை பேசினேன்.