ஏரியில் பெண் பார்த்த டிசம்பர்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு டிசம்பர் மாதச் சனி, ஞாயிறில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. சித்தியும் நானும் சைக்கிள்களை லோக்கல் ரயிலில் ஏற்றிக்கொண்டு போய், காம்ஷேத்தில் இறங்கி, பவனா ஏரிக்கு ஓட்டிச் சென்றோம்.
2. அப்பாவும் அம்மாவும் வாடகைச் சுமோவில், கேஸ் அடுப்போடு வந்து சேர்ந்தார்கள்.
3. அப்பாவின் மேனேஜர், மனைவியோடும் மகனோடும் தற்செயலாக அங்கே வந்தார்.
4. அம்மா பஜ்ஜியும் கேசரியும் செய்தாள்.
5. மேனேஜரின் மகன் கயாக்கில் ஏறினார்.
6. சித்தி முடியாது என்று சொன்னாள்.
7. மறுநாள் திரும்பும் வழியில் நான் ஒரு விஷயத்தைச் சொன்னேன்.
8. சித்தி பாதி வழியில் இறங்கிக்கொண்டாள்.

மூன்றாவது வரியில் உள்ள 'தற்செயலாக' என்பது அப்பாவின் சொல். மற்றவை நான் பார்த்தவை.

அப்பா கோயம்புத்தூரில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, புனேயை ஒட்டிய சிஞ்ச்வட்டுக்கு வந்தவர். வண்டி உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அச்சுகளும் கருவிகளும் செய்யும் டூல் ரூமில் இருந்தார். சித்தி அம்மாவின் ஒரே தங்கை. புனேயின் பாணேரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்து, தோழிகள் இருவரோடு வாடகை ஃபிளாட்டில் இருந்தாள். ஊரிலிருந்து அவளை அனுப்பும்போது தாத்தா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: புனேயில் அவளுக்கு அப்பாதான் பொறுப்பு. அப்பா இந்தப் பொறுப்பைத் தன் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது போலவே பார்த்துக்கொண்டார். சத்தம் மாறினால் உடனே கவனிப்பார். சித்தி முடியைக் கொஞ்சம் வெட்டிக்கொண்டு வந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் பேசவே இல்லை.

எனக்குச் சைக்கிள் கற்றுத் தந்தவள் சித்தி. கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகை ஓட்டவும் அவள்தான் கற்றுத் தந்தாள், எங்கள் வீட்டு ஹாலில், ஒட்டடைக் கம்பை வைத்து. தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, தோளிலிருந்து இழுக்க வேண்டும், மணிக்கட்டால் அல்ல என்பாள். அவள் அலுவலக நண்பர்கள் குளிர்காலத்தில் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். என்னையும் கூட்டிப்போகட்டுமா என்று அவள் கேட்கும்போதெல்லாம் அப்பா ஒரே பதிலைச் சொல்வார்.

"காசு குடுத்துக் குளிர்ல படுக்கறதுக்கு ஏரி எதுக்கு அம்மிணி? நம்ம மொட்டை மாடி இல்லையா?"

அந்த டிசம்பரில் திடீரென்று அவர் சரி என்றார். சரி என்றதோடு நிற்காமல், நாங்களும் வருகிறோம் என்றார். சித்திக்கு நம்ப முடியவில்லை. "அக்கா, மாமா மாறிட்டாருக்கா" என்று சமையலறையில் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மா பாத்திரம் தேய்ப்பதில் மும்முரமாக இருந்தாள்.

சனிக்கிழமை காலை காம்ஷேத்தில் இறங்கியபோது மூச்சு புகையாக வந்தது. வெயில் ஏற ஏற ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டோம். மேடு வந்தால் சித்தி இறங்கி, என் சைக்கிளையும் ஒரு கையால் தள்ளினாள். வழியில் வடா பாவ் சாப்பிட்டோம். கடைக்காரர் சித்தியிடம் மராத்தியில், இவள் உன் மகளா என்று கேட்டார். சித்தி சிரித்துக்கொண்டே ஆமாம் என்று சொல்லிவிட்டு, இன்னொரு பச்சை மிளகாய் வாங்கிக் கடித்தாள். அந்தக் காலையில் அவள் முகம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் இப்போதும் என்னால் சொல்ல முடியும். பிறகு அப்படிப் பார்க்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மா இரண்டு கூடாரங்களுக்கு நடுவே அடுப்பை வைத்து வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். முகாம் நடத்திய மராட்டியர் பாக்ரி ரொட்டியும் கடலைமாவுப் பிட்லாவும் தருவதாக இருந்தது. அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. பக்கத்தில் போர்வை சுற்றிய தூக்கில் இட்லி மாவு வேறு. புனேயின் டிசம்பரில் மாவு பொங்காது என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் யாருக்காகவோ கொண்டுவந்திருந்தாள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையும் பாலிஷ் போட்ட ஷூவுமாக, சேற்றில் கால் படாமல் ஒரு கல்லின் மேல் நின்றிருந்தார்.

"ஏக்கா, பஜ்ஜியும் கேசரியும் ஒரே நாள்லயா?" என்றாள் சித்தி.

"புள்ள கேட்டா" என்று அம்மா என்னைக் காட்டினாள். நான் கேட்கவில்லை. ஆனாலும் எனக்காக இவ்வளவு நடப்பதில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. அப்பா கல்லிலிருந்து இறங்கி ஓடினார். "அடடே, சார்! நீங்க எங்கீங்க இந்தப் பக்கம்?" என்றார். அவர் நடிப்பதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. நன்றாக வரவில்லை.

சித்தி கேசரியைப் பார்த்தாள். காரிலிருந்து இறங்கிய இளைஞனைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் ஷூவை. கணினி நிரலில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள், அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. கூடாரத்துக்குள் போனாள். அம்மா ஒரு பட்டுப்புடவையோடும் கனகாம்பரச் சரத்தோடும் பின்னாலேயே போனாள். நானும் நுழைந்தேன்.

"ஏரிக்கரையில எவக்கா பட்டுக் கட்டுவா?"

"செத்த நேரந்தான்டி. சத்தம் போடாத. மாமாவுக்கு சூப்பர்வைசர் ஆகற நேரம். அவங்க கையிலதான் இருக்குது."

"அப்ப என்னைய வெச்சுத்தான் ஆகணுமா?"

அம்மா புடவையின் மடிப்பைப் பிரித்தாள். சித்தி பூவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, டிராக் பேண்ட்டோடு வெளியே வந்தாள். பஜ்ஜித் தட்டை எல்லோருக்கும் நீட்டினாள். மேனேஜரின் மனைவி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "மாடர்ன் பொண்ணு. இருக்கட்டும், இந்தக் காலத்துக்கு அதுவும் வேணுமில்ல" என்று கேசரியிடம் சொன்னார். மகன் தலை நிமிரவில்லை.

பெண் பார்க்கும் வீடுகளில் அடுத்து நடக்க வேண்டியது ஒன்று உண்டு. பையனும் பெண்ணும் தனியாக இரண்டு வார்த்தை பேச வேண்டும். வீடு என்றால் மாடிக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கே மாடி இல்லை. கரை முழுவதும் வெட்டவெளி. மேனேஜர்தான் வழி கண்டுபிடித்தார். "அங்கதான் படகு இருக்குதே" என்றார். அவர் மனைவி உடனே, "தனியாவா?" என்றார். ஆகவே என்னையும் சேர்த்து அனுப்பினார்கள். ஒரு பெண்ணின் மானத்துக்குக் காவலாக நான் நியமிக்கப்பட்டது அந்த ஒரு முறைதான்.

இரண்டு பேர் உட்காரும் கயாக்கில் நான் முன்னால், சித்தி பின்னால். மேனேஜரின் மகன் தனிக் கயாக்கில். துடுப்பை எப்படிப் போட்டாலும் அவர் கயாக் நின்ற இடத்திலேயே சுற்றியது. "வலது கைய இழு! வலது கையி!" என்று மேனேஜர் கரையிலிருந்து கத்தினார். கடைசியில் சித்தி எங்கள் கயாக்கை அவர் பக்கத்தில் கொண்டுபோய், பின்னால் இருந்த கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனாள். கரையிலிருந்து பார்த்த மேனேஜரின் மனைவி, ஜோடிப் பொருத்தம் நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாராம்.

கத்தினாலும் கரைக்குக் கேட்காத தூரம் போனதும் மேனேஜரின் மகன் பேசினார்.

"எனக்கும் வர்ற வழியிலதாங்க சொன்னாங்க. லோணாவாலா போறோம்னு கூட்டிட்டு வந்தாங்க."

சித்தி சிரித்துவிட்டாள். "அப்ப ரெண்டு பேரும் ஒரே கேஸ்தான்."

"எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணுங்க. மராத்தி. மூணு வருஷமா..."

"வீட்டுல சொல்லிருங்க."

"அம்மா தாங்க மாட்டாங்க. பி.பி. இருக்குது. நான் வேண்டாம்னா ஏன்னு கேட்டுத் தொளைச்சு எடுத்துருவாங்க. நீங்க வேண்டாம்னு சொல்லிட்டீங்கன்னா பிரச்சனையே இல்லைங்க."

"எனக்குப் பிரச்சனை இல்லீங்களா?"

"உங்களுக்கென்னங்க. வேலை இருக்குது, தைரியம் இருக்குது. கயாக்கெல்லாம் ஓட்டறீங்க."

துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டுவது எனக்குக் கேட்டது. எதிர்க்கரையில் எருமைகள் இறங்கிக்கொண்டிருந்தன. சித்தி துடுப்பை மடிமேல் வைத்துக்கொண்டாள்.

"காரணம் மட்டும் யாருகிட்டயும் சொல்லிராதீங்க. ப்ளீஸ்" என்றார் அவர்.

"சரிங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "பாப்பா நல்ல புள்ளதானே?" அந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் உண்டு என்பதால் தலையாட்டினேன்.

கரைக்கு வந்து, எல்லோரும் காப்பி குடித்து முடித்தபோது மேனேஜரின் மனைவி நேராகவே கேட்டார். "என்னம்மா, எங்களுக்குப் புடிச்சிருக்குது. உனக்குச் சம்மதந்தானே?"

"இல்லைங்க" என்றாள் சித்தி. "மன்னிச்சிருங்க."

மேனேஜரின் மகன் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜரின் மனைவி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, அப்பாவிடம், "பொண்ணுகிட்டக் கேட்டுப்போட்டு எங்களைக் கூப்புட்டிருக்கலாமுங்களே" என்றார். அவ்வளவுதான். கார் போய்விட்டது. ஞாயிறு காலை அந்த இட்லிகளை நாங்களே தின்றோம். தட்டையாக, புளிப்பே இல்லாமல் இருந்தன.

திரும்பும்போது சைக்கிள்களைச் சுமோவின் தலையில் கட்டினார்கள். டிரைவருக்குத் தமிழ் தெரியாது என்பதால் முன்சீட்டிலிருந்து அப்பா தாராளமாகப் பேசினார்.

"திமிரு. சம்பாதிக்கற திமிரு. படிப்புல கொறையா, வேலையில கொறையா? நம்ம ஊரு, நம்ம சனம். நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஃபேக்டரிக்குள்ள போறது?"

சித்தி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டு நிற்கும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. என்னிடம் இதை நிறுத்தக்கூடிய ஒன்று இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"அப்பா, அந்த அண்ணாதான் சித்திய அப்படிச் சொல்லச் சொன்னாரு. அவரு ஆபீஸ்ல ஒரு மராத்தி அக்கா இருக்காங்களாம். அவங்கம்மாவுக்கு பி.பி.யாம்."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் பரீட்சைப் பேப்பர் காட்டும்போது பார்ப்பது போல, நிதானமாக, மேலிருந்து கீழே. பிறகு சித்தியைப் பார்த்தார்.

"புள்ளைக்குச் சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்திருக்கிறயா?"

"இல்லை மாமா."

"அப்ப நெசமா? நீயே சொல்லு."

வாக்குக் கொடுத்திருந்தாள். அப்பாவை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர்தான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாத்தியா உன்ற தங்கச்சிய?" என்று அம்மாவிடம் சொன்னார். "பத்து வயசுப் புள்ள வாயில ஊரான் வீட்டுப் பையனைப் பத்தி என்னென்ன பேச வெச்சிருக்கறா பாரு."

சித்தி டிரைவரிடம் இந்தியில் ஸ்டேஷன் பக்கம் நிறுத்தச் சொன்னாள். காம்ஷேத்தில் இறங்கி, தன் சைக்கிளை மட்டும் அவிழ்த்துக்கொண்டாள். அம்மா, "ஏன்டி, வீட்டுக்கு வந்துட்டுப் போடி" என்றாள். என் கன்னத்தைத் தட்டிவிட்டு சித்தி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் சிஞ்ச்வட் வீட்டுக்கு வரவில்லை.

அப்பாவுக்குச் சூப்பர்வைசர் பதவி வரவில்லை. வேறொருவருக்குப் போனது. மேனேஜர் எப்போதும்போல மரியாதையாகவே நடந்துகொண்டாராம். அப்பா தாத்தாவுக்குப் போன் செய்து, இனி அவளுக்கு நான் பொறுப்பில்லை என்றார். புனேத் தமிழ்க் குடும்பங்களில் ஏரிக்கரைக் கதை ஒரு சுற்று வந்தது. அதில் சித்தி குழந்தைக்குப் பொய் சொல்லிக்கொடுத்தவள். வந்த ஒன்றிரண்டு வரன்களும் அந்தக் கதையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போயின. மேனேஜரின் மகனுக்கு மறு வருடம் கோயம்புத்தூரில் கல்யாணம் நடந்தது. அவர் அம்மா பார்த்த பெண். அப்பாவும் அம்மாவும் போய் வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்துவிட்டு வந்தார்கள். அந்த மராத்திப் பெண் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது.

நான் சரியாகச் சொல்லாததால்தான் அப்பா நம்பவில்லை என்று பல வருடங்கள் நினைத்திருந்தேன். பி.பி.யை முதலில் சொல்லியிருக்க வேண்டுமோ, 'அண்ணா' என்று சொல்லாமல் இருந்திருக்க வேண்டுமோ என்றெல்லாம் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்ப்பேன். பொறியியல் முடித்து வேலைக்குப் போன பிறகு ஒரு நாள் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நம்பாம என்ன? நீ சொன்ன உடனே அவருக்குத் தெரிஞ்சு போச்சு. பத்து வயசுப் புள்ளைக்கு பி.பி. வரைக்கும் சோடிக்க வருமா? ஆனா அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? மேனேஜர்கிட்டப் போயி, உங்க பையன் லட்சணம் இதுன்னு சொல்ல முடியுமா? உங்க சித்தின்னா நம்ம புள்ள, பொறுத்துக்குவா."

அடுத்த வாரம் பாணேருக்குப் போய் இதைச் சித்தியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும்டி. நம்பலைன்னா வண்டியிலயே உக்காந்திருப்பேன். கெஞ்சிக் கூத்தாடிப் புரிய வெச்சிருப்பேன். நம்பிட்டு அப்படிக் கேட்டாரு பாரு, அதான் இறங்கிட்டேன்."

அப்பா ஓய்வு பெற்று சிஞ்ச்வட்டிலேயே இருக்கிறார். சித்தி பாணேரில் சொந்த வீடு வாங்கித் தனியாக இருக்கிறாள். அப்பா குளிக்கப் போகும் நேரத்தில் அம்மா தங்கையோடு போனில் பேசுகிறாள். நான் இரண்டு வீட்டுக்கும் போய்வருகிறேன். அங்கே போனேன் என்று இங்கே சொல்வதில்லை, அப்பாவும் கேட்பதில்லை.