லாரி நம்பர் போதும்

"டிரைவருக்கு எதுக்கு அம்மணி தனியா நம்பரு? அதான் லாரிக்கு நம்பர் இருக்குதே!" என்று மேனேஜர் சிரித்த சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தச் சிரிப்புக்கு அடங்கிப் போனேனே, அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயேதான்.

எண்பதுகளின் கடைசி. எங்கள் லாரி கம்பெனிக்கு நாமக்கல்லில் பெரிய ஆபீஸ், சேலத்திலும் ஆத்தூரிலும் கிளைகள். மூன்று இடத்திலும் ஒவ்வொரு கம்ப்யூட்டர். லாரிகளின் விவரம் நாமக்கல்லில் இருந்தது. டிரைவர்களின் விவரம் சேலத்தில் என்னிடம். எந்த நாள் எந்த லாரி ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு எங்கே போனது என்பது ஆத்தூரில். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒட்டுறவு கிடையாது. சனிக்கிழமையானால் பஸ் கண்டக்டர் கையில் பிளாப்பியைக் கொடுத்தனுப்புவார்கள். மூன்றையும் கோத்துப் பட்டியல் எடுப்பது என் வேலை.

கோப்பதற்கு மூன்றிலும் பொதுவாக ஏதாவது ஒன்று வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் வண்டி ஓட்டியவரின் லைசென்ஸ் நம்பரையும் ஆத்தூரில் ஏற்றச் சொன்னேன். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. எங்கள் கம்பெனியில் டிரைவரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். "நாப்பத்தேழு வந்துட்டாப்லயா?", "நாப்பத்தேழுக்குப் பொண்ணு பொறந்திருக்குதாமா" என்றெல்லாம் பேசுவார்கள். லாரி நம்பரின் கடைசி இரண்டு எண்தான் ஆளுக்குப் பேர்.

"லாரி நம்பரு மூணு எடத்துலயும் இருக்குதல்ல? அதைப் புடிச்சுக் கோத்துக்கங்க. படிச்ச புள்ளைக்கு இதெல்லாம் நாங்க சொல்லோணுமா?" என்றார் மேனேஜர்.

"ஒருத்தர் லீவு போட்டு இன்னொருத்தர் ஓட்டினா சார்?"

"ஒருத்தன் வண்டிய இன்னொருத்தன் தொடுவானா? போங்க அம்மணி, போய்ப் பொழப்பப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். அவர் சொன்னபடியே கோத்தேன்.

நாலு மாதம் கழித்து மேச்சேரி ரோட்டில் எங்கள் நாற்பத்தேழு ஓர் ஆட்டு மந்தைக்குள் புகுந்தது. மேய்த்துக்கொண்டிருந்தவர் அங்கேயே செத்துப்போனார். ஓட்டியவன் வண்டியை விட்டுவிட்டு ஓடிவிட்டான். யார் ஓட்டியது என்று போலீஸ் கேட்டதும், "கம்ப்யூட்டர்லயே எடுத்துக் குடுங்க, பொய் சொல்லாது" என்று மேனேஜர் என்னைக் கைகாட்டினார். எடுத்தேன். நாற்பத்தேழாம் வண்டியின் டிரைவர் பெயர், ஓமலூர்ப் பக்கத்து ஊர், லைசென்ஸ் நம்பர், எல்லாம் ஒரே வரியில் வந்தது. அன்றைக்கே அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் ஒரு பெண் கைக்குழந்தையோடு ஆபீசுக்குள் வந்து நின்றார். அந்த டிரைவரின் மனைவி.

"அவரு மஞ்சக்காமாலைல பத்து நாளா ஊட்டுல கெடக்கறாருங்க. வண்டிய மேனேஜரு மச்சினன் எடுத்துட்டுப் போனாருங்க. நீங்கதான் பேர அடிச்சீங்களாமா? அடிச்ச கையாலயே அத அழிச்சுப் போடுங்க சாமி."

நேராக மேனேஜர் முன்னால் போய் நின்றேன்.

"உங்க மச்சினனத்தானே காப்பாத்துறீங்க? மனுசனா நீங்க?" என்று கத்தினேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பட்டியல்ல என்ன இருக்குதோ அதான் நெசம். நீங்க எடுத்த பட்டியல்தானுங்களே" என்றார். பாவி, மரியாதை மட்டும் குறையவில்லை.

ஆத்தூரில் சரக்கு ஏற்றும்போது டிரைவர் கையெழுத்துப் போடும் சீட்டு ஒன்று உண்டு. அது கிடைத்தால் போதும் என்று அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். அங்கிருந்த குமாஸ்தா உதட்டைப் பிதுக்கினார். "எல்லாம்தான் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சே, இன்னும் குப்பை எதுக்குன்னு மேனேஜர் சொன்னாரும்மா. முந்தாநாள்தான் கொளுத்தினோம்" என்றார். அன்றைக்கு ஓட்டியது யாரென்று நீங்கள் பார்த்தீர்களே, கோர்ட்டில் வந்து சொல்லுங்கள் என்றால், எனக்கு மூன்று பிள்ளைகள் என்கிறார். அவரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுத் திரும்பினேன். அதனால் என்ன ஆகிவிட்டது? ஒன்றும் ஆகவில்லை.

கோர்ட்டில் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். அரசு வக்கீல் அந்தக் காகிதத்தைக் காட்டி, "இதை எடுத்தது நீங்கதானே?" என்றார்.

"ஆமாங்க. ஆனா இதுல லாரி எந்த டிரைவர் பேர்ல இருக்குன்னுதான்..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா."

"ஆமாங்க" மட்டும் பதிவானது. டிரைவருக்காக வாதாடிய வக்கீல் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நோய் என்று மனைவி சொன்னது எடுபடவில்லை. நாட்டு மருந்து கொடுத்தவரிடம் சர்டிபிகேட் ஏது?

தீர்ப்பு சொன்ன அன்றும் போயிருந்தேன். இரண்டு வருடம். வராந்தாவில் அவரை நடத்திக்கொண்டு வந்தபோது எதிரே போய் நின்றேன். அவர் பக்கத்திலிருந்த போலீஸ்காரரிடம் கேட்டார்:

"சாட்சி சொன்ன இந்த அம்மணி யாருங்க? இந்தக் கேசுக்கு முன்னால நான் பாத்ததே இல்லீங்களே?"

உண்மைதான். அவருடைய பெயர், ஊர், லைசென்ஸ் நம்பர் எல்லாம் எனக்கு மனப்பாடம். அவர் முகத்தைக் கோர்ட்டில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.