நுனி கருகிய கயிறு

எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. கோயிலில் வாசகம் வாசிக்கக் கூப்பிட்டாலே பின்னுக்குப் போய் ஒளிந்துகொள்கிறவள் நான். அண்ணையின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதும்படி கேட்டபோது, படித்த மருமக்கள் இருக்க நான் எழுதுவது அழகில்லை என்று மறுத்தேன். அண்ணையின் மனைவி, எங்கள் மச்சாள், விடவில்லை. பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் வரும் ஒரு விடயம் சிலருக்கு வேதனை தரும். அதற்கும் இப்போதே மன்னிப்புக் கேட்கிறேன். "என்னைப் பற்றி எழுதினால் நல்லதை மட்டும் எழுதாதை பிள்ளை" என்று அண்ணையே சொன்னார். மச்சாளும் அவருடைய பிள்ளைகளும் என் இரண்டு பிள்ளைகளும் அறிந்து சம்மதித்த பின்னரே எழுதுகிறேன்.

அண்ணை மாதகலில் பிறந்தவர். ஐயா இறந்தபோது அவருக்குப் பதினைந்து வயது. அடுத்த கிழமையே பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்கு இறங்கினார். யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது அம்மாவைச் சைக்கிளில் இருத்தி, என்னைப் பக்கத்தில் நடத்திப் பண்டத்தரிப்புக்குக் கொண்டுவந்தார். கடற்தொழில் செய்ய வழியில்லாத அந்த வருடங்களில் சண்டிலிப்பாய்ப் பக்கம் புகையிலைத் தோட்டங்களில் கூலிக்குத் தண்ணீர் இறைத்தார். தோட்டக்காரர்கள் அவரைப் பகிடி பண்ணுவார்களாம். அவர் கோபித்ததில்லை. தன்னோடு கடலுக்குப் போன கூட்டாளியையே எனக்கு மாப்பிள்ளையாகப் பார்த்துக் கட்டிவைத்தவரும் அண்ணைதான்.

ஊர் திரும்பிய பிறகு அண்ணையும் என் கணவரும் ஆளுக்கொரு படகில் தொழில் செய்தார்கள். பதினான்கு வருடங்களுக்கு முன், ஒரு வாடைக்காற்றுக் காலத்தில், விடிந்து கரைக்குத் திரும்பும் நேரம் என் கணவரின் இயந்திரம் நின்றுபோனது. அன்று இருவரும் தத்தம் படகில் தனியாளாகப் போயிருந்தார்கள். அண்ணை தன் படகில் கயிறு கட்டி அவருடைய படகை இழுத்து வந்தார். கடல் குழம்பியது. மத்தியானம் அண்ணை மட்டும் கரைக்கு வந்தார். கயிறு அறுந்துவிட்டது என்றார். ஊர்ப் படகுகள் எல்லாம் தேடிப் போயின. மூன்றாம் நாள் என் கணவரின் உடல் கரையொதுங்கியது.

அண்ணையின் படகில் மிஞ்சியிருந்த கயிற்றை நான் கேட்டு வாங்கினேன். கடைசியாக என் கணவரின் படகைத் தொட்டிருந்த பொருள் அதுதான். நைலோன் கயிறு அறுந்தால் நுனியை நறுக்கி நெருப்பில் கருக்குவது எங்கள் வழக்கம். இல்லாவிட்டால் புரி பிரிந்துபோகும். இந்தக் கயிற்றின் நுனியும் அப்படியே கருகி உருண்டிருந்தது. நான் அதை வளவில் கொடியாகக் கட்டி, பிள்ளைகளின் உடுப்புகளைக் காயப்போட்டேன். பதினான்கு வருடமும் அது அங்கேதான் இருந்தது.

அந்தப் பதினான்கு வருடமும் அண்ணை எங்களைக் கைவிடவில்லை. தொழிலுக்குப் போன நாளெல்லாம் ஒரு கோர்வை மீன் என் வேலிப் படலையில் தொங்கும். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் அந்தக் கொடிக்குக் கீழே அவர் ஒருநாளும் குனிந்து போனதில்லை. கிணற்றடிக்குப் போவதானாலும் வேலியோரமாகச் சுற்றித்தான் போவார். நான் அதைக் கண்டிருக்கிறேன். ஏன் என்று யோசித்ததில்லை.

கோயிலுக்கும் அப்படித்தான். பிள்ளைகளை ஞாயிறு தவறாமல் கூட்டிவருவார். ஆனால் உள்ளே வரமாட்டார். கேற்றடி வேப்பமரத்தின் கீழ் பூசை முடியும்வரை நிற்பார். படகுச் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்றுதான் எங்கள் துறையில் கூப்பிடுவார்கள். ஒருமுறை அங்கே வயதான ஒருவர் எல்லோருக்கும் முன்னால் அண்ணையைக் கேட்டார்.

"என்ன சம்மாட்டி, நீ உள்ளுக்கு வந்தால் கோயில் கூரை விழுமெண்டு பயமோ?"

"விழுந்தாலும் விழும். சனம் உள்ளுக்கை இருக்கெல்லே" என்றார் அண்ணை.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கணவரைக் கொண்டுபோன கடவுளோடு அண்ணைக்குக் கோபம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

சென்ற வருடம் அண்ணைக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று கண்டார்கள். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பங்குத் தந்தை இரண்டு தரம் வந்தார். இரண்டு தரமும் அண்ணை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல், நற்கருணையும் வாங்காமல் அண்ணை போய்விடுவாரோ என்று மச்சாளும் நானும் அழுதோம். ஒரு பின்னேரம் நான் அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தபோது, கொடிக் கயிற்றை அவிழ்த்துக் கொண்டுவரச் சொன்னார். நோயின் வருத்தத்தில் பிதற்றுகிறார் என்று நினைத்தேன். ஆனாலும் போய்க் கொண்டுவந்தேன். கருகிய நுனியைத் தேடி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"உது ஏன் கருகியிருக்கெண்டு தெரியுமோ?"

"அறுந்த கயிறெண்டால் நறுக்கிக் கருக்கிறதுதானே அண்ணை."

"உது அறுந்த கயிறில்லை பிள்ளை. நான் வெட்டினது."

பிறகு மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். என் கணவரின் படகில் தண்ணீர் ஏறிவிட்டது. அதன் பாரம் அண்ணையின் படகின் பின்பக்கத்தையும் அமுக்கியது. ஒரு பெரிய அலை வந்து போனதும் அண்ணை கத்தியை எடுத்தார். கரைக்கு வந்து, வீட்டின் பின்னால் இருந்து, வெட்டிய அடையாளம் தெரியாமல் நுனியைக் கருக்கினார்.

"ரெண்டு பேரும் சாகாமல் ஒராளாவது தப்பட்டும் எண்டு வெட்டினதாக எனக்கு நானே எத்தினையோ தரம் சொல்லிப் பாத்தனான். அது பொய். பயத்திலை என்னைக் காப்பாத்தத்தான் வெட்டினனான்."

"அவர் பாத்தவரோ?"

"பாத்தவன். கையைத் தூக்கினவன். வெட்டு எண்டோ, வேண்டாம் எண்டோ, எனக்கு இண்டைக்கும் தெரியாது."

நான் எழுந்து வந்துவிட்டேன். இரண்டு நாள் அந்த வீட்டுப்பக்கம் போகவில்லை. என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அண்ணை இருமுவது கேட்கும். அப்படியே சாகட்டும் என்று நினைத்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அண்ணையின் பாவத்தை எழுதிவிட்டு என்னுடையதை மறைப்பது நியாயமில்லை.

மூன்றாம் நாள் ஞாயிறு. பூசைக்குப் போனேன். கேற்றைத் தாண்டிக் கால் போகவில்லை. பதினான்கு வருடம் அண்ணை நின்ற வேப்பமரத்தின் கீழ் அன்று நான் நின்றேன். பூசை முடிந்து சனம் போனபின் பங்குத் தந்தை என்னைக் கண்டு வந்தார். வயதில் என் மகனைவிடச் சற்று மூத்தவர். ஒருவரின் பெயரும் சொல்லாமல் நான் கேட்டேன்.

"சுவாமி, ஒருத்தர் இன்னொருத்தருக்குப் பெரிய அநியாயம் செய்தால், அநியாயப்பட்ட ஆள் மன்னிக்காமல் கடவுள் மன்னிப்பாரோ?"

"மனம் வருந்தினால் மன்னிப்பார் அக்கா. எங்களிட்டை உத்தரவு கேட்டுக்கொண்டு நிக்கமாட்டார்."

எனக்குக் கோபம் வந்தது. புருசனை இழந்தவள் நான். என்னைக் கேட்காமல் மன்னிக்கக் கடவுளுக்கு என்ன உரிமை என்று தோன்றியது.

"அப்ப என்னை ஏன் சுவாமி தேவை?"

அவர் வேப்பமரத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "கடவுளுக்குத் தேவையில்லை. அந்த மனுசனுக்குத் தேவை. தன்னைக் கடவுள் மன்னிப்பார் எண்டதை அவர் நம்பப் பயப்பிடுறார். நீங்கள் பக்கத்திலை போய் நிண்டால் நம்புவார்" என்றார். யாரைப் பற்றிக் கதைக்கிறேன் என்று அவருக்கு விளங்கியிருந்தது.

அங்கிருந்தே அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவரை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு நான் முதலில் உள்ளே போனேன். கயிறு அண்ணையின் நெஞ்சோடு கிடந்தது. இரண்டு நாளும் ஒருவரையும் எடுக்க விடவில்லையாம்.

"நான் இன்னும் மன்னிக்கேல்லை அண்ணை. பொய் சொல்லமாட்டன். வாய் வருகுதில்லை. ஆனால் கடவுள் எனக்காகக் காத்துக்கொண்டு நிக்கிறவர் இல்லையாம். சுவாமி வெளியிலை நிக்கிறார். கூப்பிடட்டோ?"

அண்ணை கூரையைப் பார்த்தார்.

"நீயோ கூட்டிக்கொண்டு வந்தனி?"

"ஓம். நான்தான்."

"கூப்பிடு."

நாங்கள் எல்லோரும் முற்றத்தில் நின்றோம். பாவசங்கீர்த்தனம் முடிந்து கதவு திறக்க அரை மணித்தியாலத்துக்கு மேலானது. அண்ணையின் முகம் அழுது வீங்கியிருந்தது. நற்கருணையில் ஒரு சிறு துணுக்கை மட்டுமே அவரால் விழுங்க முடிந்தது. அதற்கும் தண்ணீர் தேவைப்பட்டது. மச்சாள் கரண்டியை என் கையில் தந்தார். நான் பருக்கினேன். அண்ணை என்னைப் பார்த்தார்.

கடவுளின் மன்னிப்பு எனக்கு முந்திப் போய் அண்ணையிடம் நின்றது. முதலில் அது எனக்குக் கசந்தது. இப்போது எனக்கும் அதைவிட்டால் வேறு நம்பிக்கை இல்லை. அண்ணை சாகட்டும் என்று இரண்டு நாள் காத்திருந்தவளுக்கும் அதே மன்னிப்புத்தானே வேண்டும். என்னுடைய மன்னிப்பு மெதுவாக வருகிறது. சில நாட்களில் வருவதே இல்லை. எனக்காகவும் மன்றாடுங்கள்.

ஆஸ்பத்திரியில் அண்ணையைக் கழுவித் துடைத்த தாதிமாருக்கும், இரண்டு தரம் திரும்பிப் போயும் மூன்றாம் தரம் வந்த பங்குத் தந்தைக்கும், முற்றத்தில் செபமாலை சொன்ன அயலாருக்கும், குழி வெட்டிய தொழிலாளச் சகோதரர்களுக்கும், இவ்வளவும் வாசித்த உங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நற்கருணை வாங்கிய அன்று பின்னேரம் அண்ணை கயிற்றை என்னிடம் திருப்பித் தந்தார். நான் அதைக் கொண்டுபோய் முன்பு கட்டியிருந்த இடத்திலேயே கட்டினேன்.

மறுநாள் காலை அண்ணை இறந்தார். ஊர் வழக்கப்படி அன்று துறையில் ஒரு படகும் இறங்கவில்லை. அவருடைய சாரங்களையும் படுக்கை விரிப்பையும் நான் தோய்த்து அந்தக் கொடியில் காயப்போட்டேன்.