நிவி ஒட்டிய மூக்குக்கண்ணாடி

முப்பத்தெட்டுப் பிள்ளைகளை ஒரே நேரத்தில் உட்கார வைக்கத் தெரிந்தால் டீச்சர் ஆகிவிடலாம் என்று நம்பித்தானே நாமெல்லாம் இந்தத் தொழிலுக்கு வந்தோம்? புனேயில் ஹடப்சர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாக நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்குத் தொண்டையும் பெரிசு, கோபமும் பெரிசு. சக டீச்சர்களே, உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும், மறைக்க வேண்டாம்.

உட்காராத பிள்ளை

ஜூனில் என் மூன்றாம் வகுப்புக்கு நிவி வந்தாள். எட்டு வயசு, ஆட்டிசம். பேச மாட்டாள். ஒரு பாடம் முடிந்து இன்னொன்று தொடங்கினாலே காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுவாள். அவள் பின்னால் நான் ஓட, வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடும். பிரின்சிபால் மேடம் கறாராகச் சொல்லிவிட்டார்: தீபாவளி லீவு வரை பார்ப்போம், அதற்குள் வகுப்பில் உட்காரவில்லை என்றால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவோம்.

நிவியின் அம்மா கோயமுத்தூர்க்காரர், பக்கத்து மகர்பட்டாவில் ஐ.டி. வேலை. விஷயம் தெரிந்ததும் பள்ளிக்கூடக் கேட்டிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். "இது நாலாவது ஸ்கூலுங்க மிஸ். பேசலீன்னாலும் பரவால்லீங்க, புள்ளைங்களோட புள்ளையா இருந்தாப் போதுமுங்க."

மழையில் உட்கார்ந்தவள்

வாரம் ஒருநாள் வருகிற ஸ்பெஷல் எஜுகேட்டர் ஒரு வழி சொன்னார். அன்றைய பீரியட்களைப் படச் சீட்டுகளாகப் போர்டு ஓரத்தில் வரிசையாக ஒட்ட வேண்டும். கணக்குக்கு எண்கள், விளையாட்டுக்குப் பந்து. பீரியட் முடிந்ததும் அந்தச் சீட்டு டப்பாவுக்குள் போய்விட வேண்டும். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று முனகிக்கொண்டேதான் ஒட்டினேன். நம்பினால் நம்புங்கள், ஒரே மாசத்தில் ஓட்டம் நின்றது. நிவியே எழுந்து வந்து சீட்டை டப்பாவில் போட்டுவிட்டு, அடுத்த படத்தைப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மிதப்பில்தான் ஒருநாள் கோட்டை விட்டேன். வெளியே கொட்டுகிற மழை. "இன்னைக்கு விளையாட்டு கிடையாது, கணக்கு நோட்டை எடுங்க" என்று கத்தினேனே தவிர, போர்டில் பந்துச் சீட்டை மாற்றவில்லை. திரும்பிப் பார்த்தால் நிவியைக் காணோம். மைதானத்து நடுவில் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருக்கிறாள்! ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன், திட்டினேன். என் மணிக்கட்டில் நறுக்கென்று கடித்துவிட்டாள்.

எங்கள் பள்ளி ஆயாவை மௌஷி, அதாவது சித்தி என்றுதான் கூப்பிடுவோம். அவர் குடையோடு வந்து பொறுமையாக அவளை உள்ளே கூட்டிப் போனார். தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டே மராத்தியில் என்னிடம் கேட்டார்: "சீட்டுல இருந்ததைத்தானே டீச்சர் அந்தப் புள்ள செஞ்சுது? பொய் சொன்னது நீங்கதானே?"

வெற்றுச் சீட்டு

சுருக்கென்றது. மறுநாளே மேஜையில் வெற்றுச் சீட்டுக் கட்டும் ஸ்கெட்ச் பேனாவும் வைத்தேன். எது மாறினாலும் முதலில் அதை வரைந்து ஒட்டுவேன், அப்புறம்தான் வாயைத் திறப்பேன். என் ஓவியத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். நான் வரைந்த மழை சீப்பு மாதிரி இருக்கும்.

அப்போதுதான் இன்னொன்று நடந்தது. தினமும் காலையில் வயிற்றுவலி என்று அழுகிற சானிகா, அழுகையை நிறுத்திவிட்டாள். என்னடி ஆச்சு என்று கேட்டேன். போர்டைக் காட்டினாள். "அடுத்து என்னன்னு தெரியுதுல்ல டீச்சர், அதான் பயமில்ல."

மேடம் வந்த நாள்

தீபாவளி லீவுக்கு முந்தின வாரம், கணக்குப் பீரியடில் பிரின்சிபால் மேடம் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நிவி மேடத்தைப் பார்த்தாள், போர்டைப் பார்த்தாள், மறுபடியும் மேடத்தைப் பார்த்தாள். எழுந்தாள். போச்சு, ஓடப்போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் நேராக என் மேஜைக்கு வந்தாள். ஒரு வெற்றுச் சீட்டை எடுத்தாள். இரண்டு வட்டம், நடுவில் ஒரு கோடு. மேடத்தின் மூக்குக்கண்ணாடி! அதைக் கணக்குச் சீட்டின் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டாள். வகுப்பில் இருக்கிற ஆள் போர்டில் இல்லையாம், அதைச் சரி செய்துவிட்டாள். அந்த நிமிஷம் அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

மணி அடித்தது. நிவி எண்கள் சீட்டையும் கண்ணாடிச் சீட்டையும் எடுத்து டப்பாவில் போட்டாள். மேடமோ எழுந்திருக்காமல் என்னிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நிவி கண்ணாடிச் சீட்டை மறுபடி எடுத்து, அவர் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டிவிட்டு, திரும்பவும் டப்பாவில் போட்டாள். மேடம் கையிலிருந்த நோட்டை மூடினார். "என் பீரியட் முடிஞ்சிருச்சாம், கிளம்பறேன். லீவுக்கு அப்புறமும் இவ இங்கதான். அடுத்த தடவை வர்றதுக்கு முன்னாடி சொல்லி அனுப்பறேன், என் சீட்டை ஒட்டி வைங்க."

பத்தொன்பது வருஷமாக டைம்டேபிள் எழுதிய எனக்கு, எழுதினால் அதன்படி நடக்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்க ஒரு வார்த்தை பேசாத எட்டு வயசுப் பிள்ளை வர வேண்டியிருந்தது. மணிக்கட்டில் கடி வாங்கியதை இப்போது நான் டீச்சர் பயிற்சிக் கணக்கில்தான் சேர்த்துக்கொள்கிறேன்.