‘நசீர் பாலிஷ்’ செய்த மெஹ்ருன்னிசா

எண்பத்திரண்டு, எண்பத்து மூன்றில் எங்கள் திருவண்ணாமலையில் புல்லட்டோ ராஜ்தூத்தோ வைத்திருந்த எவரைக் கேட்டாலும் ‘நசீர் பாலிஷ்’ என்றால் தெரியும். இன்ஜினின் இரண்டு பக்கமும் இருக்கும் அலுமினிய கவர்களைக் கழற்றிக் கொடுத்தால், நாலு நாளில் அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். நசீர் அகமது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து வேலை பிடிப்பார். “கையில வித்தை இருக்கணும் சார்” என்று வலது கையை நீட்டிக் காட்டுவார். அந்தக் கையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெள்ளை வெளேரென்று, நகத்தில் துளி அழுக்கு கிடையாது. அலுமினியம் தேய்க்கிறவர் கை அப்படியா இருக்கும்? இது ஆண்பிள்ளைகள் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நான் தங்கம்மாள், அடுத்த வீடு. இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் இடுப்பளவு சுவர்தான். உண்மையில் தேய்ப்பது யார் என்று எனக்கும் முதலில் தெரியாது. நசீரின் மனைவி மெஹ்ருன்னிசா வாரம் தவறாமல் “அக்கா, ஒரு டம்ளர் மைதா குடுங்களேன்” என்று வந்து நிற்பாள். கொடுப்பேன். ஒரு வருஷம் கொடுத்தும் அந்த வீட்டிலிருந்து பேருக்கு ஒரு துண்டு பரோட்டா என் வீட்டுக்கு வரவில்லை. ரம்ஜானுக்குத் தூக்கு நிறைய பிரியாணி அனுப்புகிறவள், பரோட்டாவில் மட்டும் கருமியா? பொறுக்க முடியாமல் ஒரு நாள் கேட்காமலே உள்ளே போய்விட்டேன்.

சமையல்கட்டில் பலகை போட்டு உட்கார்ந்து, மடியில் புல்லட் கவரை வைத்துக்கொண்டு, அதன்மேல் என் மைதாவைத் தூவித் துடைத்துக்கொண்டிருந்தாள். விரல் பத்தும் கரி.

“மைதா போட்டாத்தான் அக்கா பாலிஷ் பிசுக்கு போவுது” என்றாள், கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி.

பிறகு எல்லாம் சொன்னாள். முதலில் மண்ணெண்ணெயில் கழுவுவது. அப்புறம் முரட்டு உப்புத்தாள், அதன்மேல் குறுக்குவாட்டில் தண்ணீர் தொட்டு மெல்லிய தாள், கடைசியாகப் பழைய லுங்கித் துணியில் மெருகு சோப்பு. “யாருடி கத்துக்குடுத்தது?” என்றேன்.

“யாரு குடுப்பாங்க? இவரு மொதமொதல்ல ஒண்ண வாங்கியாந்து ரெண்டு தேய் தேச்சாரு. கை வலிக்குதுன்னு வெச்சுட்டாரு. அரைகுறையா கெடந்தது, பாக்க சகிக்கல.”

“அப்போ வெளியில சொல்றதுக்கு என்னா?”

“பொம்பள தேச்சதுன்னா யாரும் வண்டி குடுக்க மாட்டாங்களாம். ஒரே ஒருத்தர்கிட்டயாவது ‘இவ பண்ணது’ன்னு இவரு வாயால சொல்லிடணும் அக்கா. அது போதும் எனக்கு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் வயிறெரிந்தது.

கார்த்திகை முடிந்த சமயம், கீழ்பென்னாத்தூர் ரைஸ்மில் பலராமன், தன் தம்பி கல்யாணத்துக்கென்று இரண்டு கவரை வீட்டுக்கே கொண்டுவந்தார். “பாய், வீட்ல ஒத்தாசைக்கு ஆள் உண்டா?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

“எங்க சார்! என் வீட்டுக்காரிக்கு ஸ்பேனர் எது, கரண்டி எதுன்னே தெரியாது” என்றார் நசீர்.

வாசல் திரைக்குப் பின்னால் நின்ற மெஹ்ருன்னிசா கேட்டுவிட்டாள். பலராமன் போனதும் உப்புத்தாள், சோப்பு, துணி எல்லாவற்றையும் கொண்டுவந்து புருஷன் முன்னால் வைத்தாள். “பண்ணுங்க” என்றாள். அவ்வளவுதான். மூன்று நாள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

எப்படிச் செய்வது என்று கேட்டால் கௌரவம் என்ன ஆவது? நசீர் கேட்கவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்து, “அக்கா, சலவை சோடா ஜாஸ்தியா இருக்கா?” என்றார். துணியில் எண்ணெய் போகிறதே, இன்ஜினில் போகாதா என்று கணக்கு. கொடுத்துவிட்டுச் சுவரோரமே நின்றேன். பெரிய இரும்புச் சட்டியில் சோடாவைக் கொதிக்கவிட்டு ஒரு கவரைப் போட்டார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மெஹ்ருன்னிசா வாயைத் திறந்தாள். அப்புறம் மூடிக்கொண்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

அரை மணி நேரம் கழித்து வெளியே எடுத்தால், தோசைக்கல் தோற்றது! அப்படி ஒரு கறுப்பு. தண்ணீர் ஊற்றினார், துணியால் தேய்த்தார், ஊதிக்கூடப் பார்த்தார். அசையவில்லை.

மறுநாள் காலை பலராமன் வந்துவிட்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சல்லடை வாங்குகிற சாக்கில் நானும் போய் நின்றேன்.

“என்னா பாய் இது? சுடுகாட்லேர்ந்து எடுத்தாந்தியா?”

நசீருக்கு வேர்த்துக் கொட்டியது. என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். “நான் இல்லீங்க சார். இது என் வீட்டுக்காரி பண்ணது” என்றார்.

அடப்பாவி! இரண்டு வருஷமாக வராத வார்த்தை, வரக்கூடாத நேரத்தில் வந்ததே!

திரை விலகியது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மெஹ்ருன்னிசா வெளியே வந்தாள். “ஆமா சார், நான்தான் பண்றேன். போன மாசம் உங்க மச்சான் வண்டி, அதுக்கு முன்ன டாக்டர் வண்டி, எல்லாம் என் கை. இது ஒண்ணு மட்டும் அவரு பண்ணது.”

கறுத்த கவரை எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். தாளைத் தண்ணீரில் நனைத்து ஒரே இடத்தில் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளை எட்டிப் பார்த்தது. பலராமன் வேட்டியை மடித்துக் கட்டி எதிரில் குந்தி உட்கார்ந்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

“எப்ப வரட்டும்மா?”

“செவ்வாக்கெழம வந்துடுங்க சார்” என்றார் நசீர், அவசரமாக.

“பாய், நான் அம்மாவக் கேட்டேன்.”

மெஹ்ருன்னிசா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது, கரிக்கையால் துடைக்கவும் முடியவில்லை.

“வியாழக்கெழம வாங்க” என்றாள்.