அமலநாதன் மாமா கொடுத்த ஒரு புள்ளி

அமலநாதன் மாமாவின் குரல் காதுக்கு வருமுன் காலுக்கு வந்துவிடும். மாதா கோயிலில் பாடகர் குழுவின் கடைசி ஆளாக நின்று அவர் அடிக்குரலில் இழுத்தால் பெஞ்சுப் பலகை அதிரும். என் அம்மாவின் தம்பி அவர். தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை வேலை. போன தவக்காலத்தில் இறந்தார். இரங்கல் கூட்டத்தில் நல்ல கிறிஸ்தவர், நல்ல தகப்பன், நல்ல பாடகர், நல்ல ஆட்டக்காரர் என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். இந்த நான்கும் ஒரே ஆளுக்குள் சண்டை போட்டுக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய ஞாயிறு மாறாது. காலைப் பூசையில் பாட்டு, வைத்திக்குப்பத்தில் மீன், மதியம் சூசைமேரி அத்தையின் குழம்பு, சாயங்காலம் பெத்தாங்க். இரும்புக் குண்டை எறிந்து, தரையில் கிடக்கும் குட்டி மரப்பந்துக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் யாருடைய குண்டு மிக அருகில் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. முதலில் பதின்மூன்று எடுப்பவர்கள் ஜெயித்தவர்கள். மாமா ஒரு ஞானப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கையை வீசுவார். பாட்டில் மூச்சு விடுகிற இடத்தில் குண்டு கையை விட்டுப் போகும்.

எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்றவர்கள் எல்லோர் முன்னிலையிலும் மண்டியிட்டு அந்த மரப்பந்தை முத்தமிட வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரில் விட்டுப்போன இந்த விளையாட்டோடு ஒட்டிக்கொண்டு வந்த கேலி. இப்போது செல்போனில் வீடியோவும் எடுக்கிறார்கள்.

மாமாவுக்கு அது ஆகாது. "மண்டி போடறது ஒருத்தர் முன்னாடிதான்" என்பார். அதற்கு மேல் பிரசங்கம் இல்லை. ஆனால் பன்னிரண்டுக்குப் பூஜ்யம் என்று அவர் அணி முன்னால் போனால், அடுத்த சுற்றில் அவருடைய குண்டு வேலியைப் பார்த்து ஓடும். "கை வழுக்கிடுச்சு" என்பார். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை.

கேட்டவள் அவருடைய மகள் லினெட்.

ஒரு வருஷம் எங்கள் ஊர்ப் போட்டியில் அப்பாவும் மகளும் ஒரே ஜோடி. இறுதி ஆட்டத்தில் ஜெயித்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம். அதற்காகவே லினெட் தினமும் காலேஜுக்கு முன்னால் வீட்டுச் சந்தில் குண்டு எறிந்து பக்கத்து வீட்டுக்காரர்களிடம் திட்டு வாங்கியவள். எதிரே இளஞ்செழியனும் பக்கிரியும்.

"இன்னாம்மா, வூட்ல கொழம்பு கொதிக்குதா? போய்ப் பாத்துட்டு வா, நாங்க இங்கதான் இருப்போம்" என்றார் பக்கிரி.

"கொதிக்கட்டும்ணே. உங்களுக்கும் சேத்துதான் வச்சிருக்கு."

அவள் சொன்னபடியே ஆனது. பன்னிரண்டுக்குப் பூஜ்யம். "பக்கிரி, பேண்ட்ட மடிச்சுக்க, முட்டி அழுக்காயிடும்" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, செல்போன்கள் வெளியே வந்தன. அடுத்த சுற்றில் பக்கிரியின் குண்டு மரப்பந்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. மாமாவின் கையில் கடைசிக் குண்டு. அவருக்கு அது பெரிய வேலையே இல்லை. ஆனால் அவர் முணுமுணுக்கவில்லை. குண்டு வேலியில் போய் மோதியது.

லினெட் அவரைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது.

அவமானம் தப்பியவர்களுக்குப் பயமும் போய்விட்டது. இளஞ்செழியன் தொட்டதெல்லாம் பலித்தது. லினெட்டின் குண்டுகள் தள்ளித் தள்ளிப் போய் விழுந்தன. பன்னிரண்டுக்குப் பதின்மூன்று என்று தோற்றார்கள்.

அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. "உங்க புண்ணியத்துக்கு எம்பொண்ணா கெடைச்சா?" என்றார் அத்தை. லினெட் தட்டைத் தள்ளினாள்.

"அது ஒன்னோட பாயிண்ட் மட்டும் இல்லப்பா. பாதி என்னுது. இதுல கை வழுக்குச்சுன்னு பொய் வேற. பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட இத சொல்லுவியா?"

"ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டுதாம்மா இருக்கேன். சாமியாரு சிரிச்சுட்டு மூணு தடவ அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொல்றாரு."

யாரும் சிரிக்கவில்லை. மாமா தன் தட்டையும் தள்ளினார். "ஒன்ன கேட்டிருக்கணும்" என்றார்.

அடுத்த ஞாயிறு கோயிலில் லினெட் பெண்கள் வரிசையில் நின்று பாடினாள். ஆனால் அவர் பக்கம் திரும்பவில்லை. அப்படியே பல ஞாயிறுகள் போயின. மறுவருஷம் போட்டி அறிவித்தபோது வேறு ஜோடி சேர்த்துக்கொள்வாள் என்றே நினைத்தோம். பெயர் கொடுக்கும்போது அப்பா பெயரைத்தான் கொடுத்தாள்.

மறுபடியும் இறுதி ஆட்டம், மறுபடியும் அதே இருவர். எங்கள் ஊரில் நன்றாக ஆடுகிறவர்கள் அவ்வளவு பேர்தான். மறுபடியும் பன்னிரண்டுக்குப் பூஜ்யம். இம்முறை பக்கிரியின் மனைவி கமலவேணி பிள்ளையோடு வந்து வேலியோரம் நின்றிருந்தார். பக்கிரியின் குண்டு இந்தத் தடவையும் ஒரு சாண் தூரத்தில். மாமா கடைசிக் குண்டைத் துணியால் துடைத்தார். குண்டு எறியும் வட்டத்துக்குள் போகவில்லை. அத்தனை பேர் பார்க்க, மகளிடம் நடந்து போனார்.

"லினெட், குடுக்கலாமா?"

அவள் ஸ்கோர் பலகையைப் பார்த்தாள். பிறகு பக்கிரியைப் பார்த்தாள். அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா அவசரப்படுத்தவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"ஒண்ணு" என்றாள் லினெட். "ஒண்ணே ஒண்ணு. ரெண்டாவது தடவ வழுக்குச்சுன்னா வூட்டுக்கு வராத."

"சரிம்மா."

குண்டு வேலிக்குப் போனது. அடுத்த சுற்றில் மாமா முணுமுணுக்க ஆரம்பித்தார். லினெட்டும் சேர்ந்துகொண்டாள், அவர் அடிக்குரலில், அவள் மேல்குரலில். இளஞ்செழியனின் நல்ல குண்டு ஒன்றை அவள் அடித்துத் தள்ளினாள். அந்த இடத்தில் மாமாவின் குண்டு வந்து உட்கார்ந்தது. பதின்மூன்றுக்கு ஒன்று.

நால்வரும் நின்றபடியே கைகுலுக்கினார்கள். பக்கிரி வேலியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பாத்தியா கமலம், பூஜ்யம் இல்ல. ஒண்ணு எடுத்தோம்ல."

லினெட் வாயைத் திறந்தாள். மாமா முந்திக்கொண்டார்.

"நல்ல குண்டு பக்கிரி அது."

அந்த வார்த்தையை மட்டும் அவர் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு சாண் என்பது நிஜமாகவே நல்ல குண்டுதான்.